கொடைமடமும் ஒரு கூடைக் குப்பையும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்லிவிட்டுப் போன புண்ணியவான், அந்த அளவு எவ்வளவு என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பெரிய உபயோகம் இருந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. மிஞ்சிவிட்டது என்று நமக்குத் தெரியவரும்போது அது மிஞ்சி முடிந்திருக்கும். குழம்பில் உப்பு என்றால் நாக்கு அந்த நிமிடமே சொல்லிவிடும். பாத்தியில் கொட்டிய எரு நாற்பது ஐம்பது நாள் கழித்துத்தான் வாய் திறக்கும். பிள்ளைக்குக் கொடுத்ததும் கொடுக்காமல் விட்டதும் இருபது வருடம் கழித்து, ஏதோ ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், சம்பந்தமே இல்லாத ஒரு பேச்சின் நடுவில் வெளியே வரும்.

ஒருவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்வியை அறநூல்கள் வழியாகப் போய்ப் பார்ப்பது ஒரு வழி. நான் காய்கறித் தோட்டம் வழியாகப் போகிறேன். அங்கே தப்பாகப் போனால் கண்ணுக்குத் தெரியும், யார் மனசும் நோகாது. அந்தச் சௌகரியம் மனிதர்களிடம் கிடையாது.

தக்காளிக்கு எவ்வளவு தொழு உரம் என்று கேட்டால் அச்சடித்த பதில் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்புகளில் தக்காளிக்கு ஹெக்டேருக்கு 25 டன். கத்தரிக்கு 25 டன். மிளகாய்க்கும் 25, வெண்டைக்கும் 25. பசியிலும் ஆயுளிலும் இத்தனை வித்தியாசம் உள்ள செடிகளுக்கு ஒரே படியால் அளந்து கொட்டச் சொல்கிறார்களே என்று முதலில் பார்க்கிறவருக்குச் சிரிப்பு வரும். ஏக்கருக்குப் பத்து டன். சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. பத்தடிக்கு நாலடியாக ஒரு பாத்தி பிடித்தால் அதற்கு ஒன்பது பத்துக் கிலோ, அதாவது நிறைய அள்ளிய ஒரு கூடை. புடலைக்குக் கணக்கு வேறு மாதிரித் தெரியும்: குழி ஒன்றுக்குப் பத்துக் கிலோ. ஒற்றைக் குழிக்கு ஒரு பாத்தித் தக்காளியின் பங்கா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இரண்டரை மீட்டருக்கு இரண்டு மீட்டர் என்று இடைவெளி விட்டுத்தான் அந்தக் குழியை எடுக்கிறோம். கொடி படரும் இடத்துக்கு வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய அதே அளவுதான். ஓரவஞ்சனை மாதிரித் தெரிகிற சில பங்கீடுகள் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தால் அப்படி இல்லை. தலைகீழும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒட்டன்சத்திரம் பக்கம் பெரியப்பாவுக்கு மூன்று ஏக்கர். கிணற்றுப் பாசனம், இரண்டு மாடு, வேலியோரம் முருங்கை. அந்த வட்டாரத்தில் யார் தோட்டத்துக்குப் போனாலும் மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் மார்க்கெட்டுக்கு வண்டி போய்விடவேண்டும். அங்கே எருவுக்குக் குப்பை என்றுதான் பெயர். குப்பை அடிக்கணும், குப்பை ரெண்டு டிராக்டர் வேணும் என்பார்கள். பட்டணத்தில் வளர்ந்த என் மகளுக்கு இது பெரிய வேடிக்கை. காசு கொடுத்துக் குப்பை வாங்குவதா என்பாள். இன்னொரு சொல்லும் எனக்கு வேடிக்கைதான். படிப்பு ஏறாத பையனை வாத்தியார் ‘மக்கு’ என்று திட்டுவார். எருக்குழியில் மக்கியதுதான் உசத்தி. மக்காத சாணியையும் வைக்கோலையும் அவசரப்பட்டு வயலில் போட்டால், அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் தங்கள் தேவைக்கு மண்ணில் இருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். பயிர் வெளுத்துப்போகும். கொடுத்ததாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அங்கே எடுத்துக்கொண்டிருப்பது நடக்கும். அரைகுறையாக மக்கிய அன்புக்கும் இது பொருந்தும் என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் அந்த மாதிரி உவமைகளில் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. பயத்துக்குக் காரணம் கீழே வரும்.

பெரியப்பாவுக்குக் கிலோக் கணக்கு ஒத்துவராது. அவர் சொல்கிற விதமே வேறு. “கத்தரிக்கு அள்ளி வை கண்ணு, அது ஆறு மாசம் நின்னு காய்க்கற சீவன். வெங்காயத்துக்குக் காட்டிட்டு எடுத்துரு. முள்ளங்கிக்கு இந்த வருசக் குப்பையே ஆகாது, போன வெள்ளாமைக்குப் போட்டதுல மிச்சம் கெடக்குமில்ல, அது போதும்.” ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. தக்காளிக்குத் தழைச்சத்து அதிகமானால் செடி இடுப்புயரத்துக்கு அடர்ந்து, கரும்பச்சையாக, பார்க்கிறவர்கள் கண் வைக்கிற மாதிரி நிற்கும். பூ பிந்தும், காய் குறையும், அந்த இளந்தழைக்கு அசுவினி வந்து மொய்க்கும். சின்ன வெங்காயத்துக்குக் கடைசிக் காலத்தில் கூடுதலாகக் கிடைத்தால் கழுத்து தடித்துவிடும். அறுவடை அன்றைக்கு நல்ல எடை காட்டும், பட்டறையில் போட்டு வைத்தால் அழுகும். முள்ளங்கி, கேரட்டுக்குப் பச்சை எரு போட்டால் கிழங்கு நேராக இறங்காமல் இரண்டாய் மூன்றாய்க் கிளைக்கும். கீரைக்கு மட்டும் தாராளம் பலிக்கும் என்று தோன்றும், ஏனென்றால் நமக்கு வேண்டியதே இலைதான். அங்கேயும் மிஞ்சினால் இலையில் நைட்ரேட் சேர்ந்து நிற்கும். பார்வைக்குத் தெரியாது.

அவரை, பீன்ஸ், தட்டைப் பயறு இவற்றின் கதைதான் எனக்கு மிகவும் யோசிக்கக் கொடுத்தது. இந்தச் செடிகளின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். பிடுங்கிக் கீறிப் பார்த்தால் நல்ல முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியா காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது, செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. 1880களில் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் இதைச் சோதனை செய்து நிறுவினார்கள். பயறு விதைத்த நிலம் தெம்பாக இருக்கும் என்பது அதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே குடியானவர்களுக்குத் தெரியும், காரணம்தான் தெரியாது. விஷயம் என்னவென்றால், மண்ணில் தழைச்சத்தை நாமே தாராளமாகக் கொட்டிவிட்டால் செடி இந்த முடிச்சுகளை அதிகம் உண்டாக்குவதில்லை. சும்மா கிடைக்கிறபோது எதற்குச் சர்க்கரை செலவழிக்க வேண்டும்? பட்டினி போட்டால் மட்டும்தான் கெடும் என்று நாம் நினைக்கிறோம். நிறையக் கொடுத்ததாலேயே ஓர் உறவு முளைக்காமல் போவதை இந்த வேர்தான் எனக்குக் கண்ணால் காட்டியது. கேட்பதற்கு முன்பே எல்லாம் வந்து சேர்கிற வீட்டில் வளரும் பிள்ளை பக்கத்து வீட்டில் போய் ஒரு டம்ளர் சர்க்கரை கடன் கேட்கக் கற்றுக்கொள்வதில்லை.

நம் மரபுக்கு இதில் வேறு ஒரு பழக்கம் இருக்கிறது. கொடுக்கிறவன் கணக்குப் பார்க்கக்கூடாது என்பது. அதற்குச் சங்க இலக்கியத்தில் ஒரு சொல் உண்டு: கொடைமடம். கொடுப்பதில் பேதைமை, அதாவது யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று யோசியாமல் கொடுப்பது. திட்டுவதற்காகச் சொன்ன சொல் அது இல்லை, புகழ்ச்சி. முல்லைக்கொடிக்குத் தேரை விட்டுவிட்டு நடந்து போன பாரியை எல்லாப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு கொடிக்கு வேண்டியது ஒரு கொம்பு. கையெட்டும் தூரத்தில் எத்தனையோ மரம் இருந்திருக்கும், பறம்புமலையில் கொம்புக்கா பஞ்சம்? ஆனால் கொம்பு நட்டவனைப் பற்றி யாரும் பாடியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

பேகன் இன்னும் நெருக்கமானவன். மயிலுக்குப் போர்வை கொடுத்தவன். அவன் ஆண்டது பழனி மலையைச் சுற்றிய நாடு, பெரியப்பாவின் தோட்டத்திலிருந்து தெரிகிற அதே மலைதான். புறநானூற்றின் 142ஆம் பாட்டில் பரணர் இவனைத்தான் கொடைமடம் படுகிறவன் என்கிறார். அதற்கு அவர் சொல்லும் உவமை ஓர் உழவன் பார்த்தால் நெற்றியைச் சுருக்குகிற உவமை: குளம், வயல், ஒன்றும் விளையாத உவர்நிலம் என்று பார்க்காமல் பெய்கிற மழை. உவர்நிலத்தில் பெய்த மழை யாருக்கு ஆச்சு? இதை விட எனக்கு உறுத்துவது அடுத்துவரும் பாட்டுகள். 143 முதல் 147 வரை கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று புலவர்கள் மாற்றி மாற்றிப் பேகனிடம் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். நீ பிரிந்து வந்துவிட்ட உன் மனைவி கண்ணகி அழுதுகொண்டிருக்கிறாள், அவளிடம் போ என்று. பரிசில் வாங்க வந்த புலவர்கள், பொன்னும் யானையும் வாங்கிப் பிழைக்கிறவர்கள், எங்களுக்கு அது வேண்டாம், இதைச் செய் என்கிறார்கள். மயில் குளிரால் நடுங்குகிறது என்று நினைத்துப் போர்வையைக் கழற்றியவனுக்குத் தன் வீட்டில் நடுங்கியது தெரியவில்லை. அள்ளிக் கொடுக்கிற கை, எங்கே குறைகிறது என்று பார்க்கிற கண்ணுடன் சேர்ந்தே பிறக்கும் என்று உறுதியில்லை.

அப்படியென்றால் ஆளறிந்து, தேவையறிந்து அளந்து கொடுப்பதுதான் சரி என்று முடிவுக்கு வந்துவிடலாமா? அரிஸ்டாட்டில் அதைத்தான் சொன்னார். ‘நிக்கோமாக்கிய அறவியல்’ இரண்டாம் புத்தகத்தில் சாப்பாட்டை வைத்து ஓர் உதாரணம் வரும். பத்து மினா சோறு அதிகம், இரண்டு மினா குறைவு என்பதால் நடுவில் ஆறு என்று எல்லோருக்கும் விதிக்க முடியாது. மைலோ என்ற பெரிய மல்லனுக்கு ஆறு போதாது, நேற்றுப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அதே ஆறு அதிகம். சரியான அளவு பொருளின் நடுவில் இல்லை, வாங்குகிறவனைப் பொறுத்து இருக்கிறது. கத்தரிக்கு அள்ளி வை, வெங்காயத்துக்குக் காட்டிட்டு எடு என்பதும் இதேதான். படித்தபோது எனக்கு மிகுந்த சந்தோஷம்.

ஆனால் அதே அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ முதல் புத்தகத்தில், சில மனிதர்கள் இயற்கையிலேயே அடிமைகள், அவர்களுக்கு அதுவே நல்லது என்றும் எழுதிவைத்தார். இரண்டையும் எழுதியது ஒரே கை என்பதைத் தற்செயலாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அவரவர் தேவைக்கு ஏற்ப என்று சொல்ல ஆரம்பித்த உடனே, அந்தத் தேவையை முடிவு செய்கிறவர் யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது. நம் ஊரில் அது யார் என்று எல்லோருக்கும் தெரியும். ‘உனக்கு இது போதும்’ என்பது இந்த மண்ணில் எத்தனை பேரிடம், எத்தனை தலைமுறையாகச் சொல்லப்பட்ட வாக்கியம். உன் பிறப்புக்கு இவ்வளவு படிப்பு போதும். பொம்பளப் பிள்ளைக்கு எட்டாங்கிளாஸ் போதும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடிச்சட்டியில் இருப்பது அம்மாவுக்குப் போதும். இவர்கள் யாருமே கொடுமைக்காரர்கள் மாதிரிப் பேசவில்லை, அளவு தெரிந்தவர்கள் மாதிரிதான் பேசினார்கள். செடியின் குணத்தை வைத்து மனிதனுக்கு உவமை சொல்ல எனக்குப் பயம் என்று மேலே சொன்னது இதனால்தான். செடியில் ‘இனம்’ என்றால் அது உண்மையான தகவல். மனிதனிடத்தில் அந்தச் சொல் என்ன செய்தது என்று தெரியும்.

இந்தப் பயத்தோடு பார்க்கிறபோது கொடைமடம் வேறு முகம் காட்டுகிறது. 1997இல் மத்திய அரசு ரேஷன் பொருள்களை ஏழைகள், ஏழைகள் அல்லாதவர்கள் என்று பிரித்துக் கொடுக்கச் சொன்னது. தமிழ்நாடு அப்படிப் பிரிக்காமல் பொது விநியோகமாகவே வைத்துக்கொண்டது. 2011 ஜூனிலிருந்து அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை விலையில்லாமல். கார் வைத்திருக்கிறவனுக்கும் எதற்கு அரிசி என்று கேட்கிறவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான், உவர்நிலத்தில் பெய்கிற மழைதான் அது. ஆனால் கார் வைத்திருக்கிறவனை விலக்க வேண்டுமென்றால் ஒருத்தர் வீடு வீடாக வந்து பார்க்க வேண்டும். வந்தவர் எழுதுகிற தாளில் உண்மையிலேயே இல்லாத வீடுகள் சில விட்டுப்போகும். தன் இல்லாமையை நிரூபித்துத்தான் ஒருவர் சோறு வாங்க வேண்டும் என்றால் அந்தச் சோற்றில் என்னவோ குறைந்துவிடுகிறது. கேள்வி கேட்காமல் எல்லோருக்கும் போடுவதில் கொஞ்சம் வீணாகும்; அந்த வீண் ஒரு விலை, கொடுக்கலாம் என்றுதான் நான் சொல்வேன்.

பல்கலைக்கழகத்தின் அந்த 25 டன்னுக்கு இப்போது திரும்பிப் போனால் அது அத்தனை சிரிப்பாக இல்லை. அது அடியுரம். கடைசி உழவில், நாற்று வயலுக்கு வருவதற்கு முன்னால் போடுவது. எந்தச் செடி என்ன கேட்கும் என்று அந்தச் செடியே சொல்வதற்கு முன்னால், மண்ணை மண்ணாக வைத்திருக்க எல்லோருக்கும் போடுவது. நீரைப் பிடித்து வைக்க, மண்புழு வர, வேர் இறங்க. அதில் வித்தியாசம் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. வித்தியாசமெல்லாம் மேலுரத்தில் வருகிறது. நட்டு ஒரு மாதம் ஆன பிறகு, அடி இலை மஞ்சளாகிறதா, நுனி வெளுக்கிறதா, பூ வந்ததா என்று பார்த்துச் செடியின் தூரில் வைக்கிற பிடிகளில். அடியுரம் போடுகிறவனுக்குத் தாராளம் வேண்டும். மேலுரம் போடுகிறவனுக்குத் தினமும் காலையில் வரப்பில் நடக்கிற கால் வேண்டும். அரசாங்கத்தால் முதலாவதைச் செய்ய முடியும். இரண்டாவதைச் செய்யும் அளவுக்கு அது யாரையும் பக்கத்தில் வந்து பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை. வீட்டில் இருக்கிறவர்கள் பார்க்கலாம், பார்க்கவேண்டும்.

பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. செடியைப் பார்த்தால் மட்டும் போதாது. குறளில் உழவு அதிகாரத்தில் அடுத்தடுத்து இரண்டு குறள்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவது போல நிற்கும். ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயப்போட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது ஒன்று. உழுவதை விட எரு இடுவது நல்லது என்கிறது அடுத்தது. உரைகாரர்கள் இணக்கம் செய்வார்கள், அது அவர்கள் தொழில். எனக்கு இரண்டையும் இரண்டு வயலாக வாசிக்கத் தோன்றும். ஏற்கெனவே சத்து உள்ள மண்ணுக்குக் காற்றும் வெயிலும் போதும். இல்லாத மண்ணுக்கு எத்தனை உழுதும் பலன் இல்லை. கத்தரிக்கு எவ்வளவு என்ற கேள்வியே பாதிக் கேள்விதான். இந்த மண்ணில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பது மீதிப் பாதி. வருடா வருடம் கைநிறைய எரு போட்ட தோட்டங்களில் மணிச்சத்து தேங்கிப் போயிருக்கும். தழைச்சத்துக் கணக்கை மட்டும் மனதில் வைத்து எரு போட்டால், பயிர் எடுத்துக்கொள்வதற்கு மேல் மணிச்சத்தும் கூடவே உள்ளே போகும். அது தேங்கத் தேங்கத் துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காமல் போகும். இலை வெளுக்கும். சத்துப் பத்தலை என்று இன்னும் ஒரு கூடை கொட்டுவோம். கூடுதலாகக் கொடுத்ததால் வந்த குறையை இன்னும் கூடுதலாகக் கொடுத்துத் தீர்க்கப் பார்ப்பது, இதை விவசாயத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல முடியாது.

லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பெயரால் வழங்கும் ஒரு விதி உண்டு, அவருக்கு முன்பே ஸ்ப்ரெங்கல் சொன்னது அது. பயிரின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது நிறைய இருக்கும் சத்து இல்லை, எல்லாவற்றிலும் குறைவாக இருக்கும் சத்து. இருப்பதை இன்னும் எத்தனை கொட்டினாலும் ஒரு இலை கூடாது. இதை ஒத்துக்கொள்வது மூளைக்குச் சுலபம், கைக்குக் கஷ்டம். ஏனென்றால் நம் கையில் எது மிச்சம் இருக்கிறதோ அதைத்தான் நாம் கொடுக்கிறோம். எருக்குழியில் மாட்டுச்சாணி இருந்தால் சாணி, நாமக்கல் பக்கத்திலிருந்து லோடு வந்தால் கோழிக்குப்பை. பணம் இருக்கிறவன் பணம் கொடுப்பான், புத்திமதி மட்டும் இருக்கிறவன் அதை.

இங்கே அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா, பெரியப்பா இருவருக்கும் மூத்தவர். எழுபதுகளில் பள்ளிக்கூட வேலைக்குப் போய் அந்தச் சம்பளத்தில் தம்பிகளைப் படிக்கவைத்தார். கிணற்றுக்கு முதல் மோட்டார் அவர் வாங்கிக் கொடுத்தது. 1981இல் கல்யாணம். 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்தது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை என்றது. தொண்ணூறுகளில் நிலம் பிரிந்தபோது தாத்தாவும் தம்பிகளும் சட்டத்தின்படிதான் நடந்தார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. “அக்காளுக்கு என்ன, மாசம் பொறந்தா சம்பளம், அவ சமாளிச்சுக்குவா” என்று பெரியப்பா சொன்னது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. அவர் மண்ணைப் பார்த்துத்தான் சொன்னார், அத்தையின் மண்ணில் சத்து இருந்தது. கடனில் நின்ற தம்பிக்கு ஏக்கர் கூடுதலாகப் போனது. தேவைக்கேற்ப.

அவரை தன் தழைச்சத்தைத் தானே சம்பாதித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அப்படிச் சம்பாதிக்கிற செடிக்குத்தான் மணிச்சத்து கூடுதலாக வேண்டியிருக்கிறது. வேர் முடிச்சு வேலை செய்வதற்கே அது தேவை. மணிச்சத்து இல்லாத மண்ணில் அவரை சமாளிப்பது போலவே நிற்கும், கொடியும் ஏறும், இலையும் பச்சையாகத்தான் இருக்கும். காய்தான் சரியாகப் பிடிக்காது. தானாகப் பிழைக்கிறவர்களிடம் நாம் ஒன்றும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. ஒருமுறை திண்டுக்கல்லில் அவர் வீட்டு மொட்டைமாடியில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, நிலத்தைப் பற்றி வருத்தம் உண்டா அத்தை என்று நேராகவே கேட்டேன். தொட்டிச் செடியில் பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னார்: “எனக்கு எதுக்குடா நிலம்? கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கவேயில்ல.”

2005இல் மத்தியச் சட்டம் மாறி மகள்கள் எல்லோருக்கும் பங்கு வந்தது. பிரித்து எழுதிப் பதிவான சொத்துக்கு அது பொருந்தாது. அத்தையும் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. இதில் பெரியப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசில்லை. ஒரு செடியின் அடி இலையைப் பார்த்து அதன் போன மாதத்தைச் சொல்லக்கூடிய மனிதர் அவர். அக்கா வீட்டுக்கு வருடா வருடம் மூட்டை மூட்டையாகக் காய் அனுப்புகிறார், அத்தை பாதியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுகிறார். அனுப்புவதை நிறுத்தச் சொல்லவும் இல்லை. பழனிமலை நாட்டுக்காரர்களுக்கு இது பழைய வழக்கம் போலிருக்கிறது.

ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்பார்கள். ஆட்டுக் கிடை போட்ட வயல் அந்தப் போகத்திலேயே பலன் காட்டும். மாட்டு எருவில் முதல் வருடம் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான், மீதி மண்ணில் இருந்து மெல்ல அடுத்த வெள்ளாமைக்கும் அதற்கடுத்ததற்கும் வரும். யாருக்கென்று போட்டோமோ அதுவே சாப்பிடும் என்று சொல்ல முடியாது. போன பட்டத்தில் வெண்டைக்கு ஏக்கருக்கு நாலு டிராக்டர் அடித்திருந்தார். வெண்டை எடுத்து, உழுது, பத்து நாள் காயவிட்டுக் கிடக்கிறது. இந்தப் பட்டத்துக்குச் சின்ன வெங்காயம். புதிதாகக் குப்பை அடிக்கவில்லை. வடக்கு மூலையில் மட்டும் வெண்டை வெளுத்தே நின்றது, அங்கே எருவும் அடித்திருந்தது, தண்ணீரும் எட்டியது. அந்த மூலையில் நாலைந்து இடத்தில் மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோ அளவுக்குத் துணிப்பையில் கட்டி மண் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார். தாள் வந்த பிறகுதான் அந்த இடத்தில் பார் பிடிக்கவேண்டும் என்கிறார்.